ஓட்டுநருக்கு ஒரு குறிப்பு

இந்த நாட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பத்து ஆண்டுகளாக இங்கிலாந்தின் வடக்கில் ஒரே தெருவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் இதுவரை என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, குப்பை வண்டி வருவது செவ்வாயா புதனா என்பதுதான். எங்கே போகிறாய், என்ன குழம்பு, பிள்ளைக்கு உடம்பு தேவலையா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் மரியாதைக் குறைவு. அப்படிப்பட்ட ஊரில், வாரச் சாமான் வாங்கும் கடையின் ஆப்பில், பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில், ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'எங்கள் ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?' என்று அதன் மேல் எழுதியிருந்தது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை அதில் 'பக்கவாட்டுக் கேட்' என்று இரண்டே வார்த்தை எழுதுவாராம். நான் ஒரு கடிதமே எழுதியிருந்தேன்.

என் மகள் யாழினிக்குப் பத்தொன்பது வயது. ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் இன்னொரு ஊரில் தனி அறை எடுத்துப் படிக்கிறாள். அவள் பாட்டுக்கு ரொட்டியையும் நூடுல்ஸையும் தின்று கிடப்பாள் என்று, இங்கிருந்தபடியே அந்தக் கடையில் ஆர்டர் போட்டு, வாரம் ஒருமுறை அரிசி, தயிர், வெண்டைக்காய் எல்லாம் அவள் வாசலுக்குப் போகும்படி செய்துவந்தேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதியிருந்தது இதுதான்: என் மகள் தனியாக இருக்கிறாள். முதல் மாடி, பின்பக்கத்து அறை. அழைப்பு மணி வேலை செய்யாது. தெருக்கதவைத் திறக்க அழுத்த வேண்டிய எண் இது. காதில் ஹெட்போன் மாட்டியிருப்பாள், பலமாகத் தட்டுங்கள். சரியாகச் சாப்பிட மாட்டாள், கீழே வைத்துவிட்டுப் போகாமல் தயவுசெய்து கையில் கொடுங்கள். எழுதி முடித்ததும் கீழே அவள் போன் எண்ணையும், 'நன்றி, அவள் அம்மா' என்றும் போட்டேன். ஒருமுறை எழுதினால் போதும். ஆப் அதை நினைவில் வைத்துக்கொள்ளும் என்றார்கள். நன்றாகவே வைத்துக்கொண்டது.

இதைப் படிக்கிற புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு நான் ஏன் அப்படி எழுதினேன் என்று விளக்கத் தேவையில்லை. எங்கள் ஊர் ஆலங்குடியிலிருந்து உள்ளே தள்ளி. பஸ்ஸை நம்பிக் கல்லூரிக்குப் போய்வர முடியாது என்று என்னைப் புதுக்கோட்டையில் ஹாஸ்டலில் விட்டிருந்தார்கள். வாரத்தில் ஒருநாள் அம்மா தூக்குவாளியில் குழம்பும், துணிப்பையில் வறுத்த கடலையும் கட்டி, காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது சும்மா கொடுக்க மாட்டார். "அண்ணே, எம்மவ பஸ் ஸ்டாண்டுல பச்சைத் தாவணி போட்டுக்கிட்டு நிப்பா. ஒத்தையிலதான் வருவா. பயந்த சுபாவம். அங்கிட்டு யாருகிட்டயும் குடுத்துப்புடாம கையில குடுத்துருங்க" என்று பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். சொல்லாமல் பொருளை அனுப்பினால் அது பிள்ளைக்குப் போய்ச் சேராது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒருமுறை காய்ச்சலில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கண்டக்டர் தூக்குவாளியோடு ஹாஸ்டல் கேட்டுக்கே நடந்து வந்து, உள்ளே விடாத வாட்ச்மேனிடம் சண்டை போட்டு, வார்டனைக் கூப்பிட வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனிதரை மனதில் வைத்துத்தான் நான் இங்கே அந்தக் கட்டத்தை நிரப்பினேன். எனக்கு முகம் தெரியாத ஓர் ஓட்டுநருக்கு, அண்ணே என்று ஆரம்பிக்காத குறைதான்.

நாங்கள் இங்கிலாந்து வந்த புதிதில் அந்த ஆப்காரர்களுடையது பாலும் காய்கறியும் விற்கிற கடைதான். பிறகு சிம் கார்டு விற்றார்கள். பயணக் காப்பீடு விற்றார்கள். மீன் வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடித் தடுப்பு போட்டுக் கண் பரிசோதனை ஆரம்பித்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற இயந்திரம் வந்தது. கடைசியில், பணத்தை எங்களிடமே போட்டு வையுங்கள், பொருள் வாங்கும்போது கழித்துக்கொள்கிறோம் என்று ஒரு கார்டும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறந்த தேதி, முகவரி, போன் எண் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் கொடுத்தேன். பெரிய கடை, பத்திரமாக வைத்திருப்பார்கள் என்ற நினைப்பு. எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரரும் இப்படித்தான் விரிந்தார். முதலில் புளி, மிளகாய். அப்புறம் போன் ரீசார்ஜ். அப்புறம் கடை மூலையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ரேஷன் கார்டோ சாதிச் சான்றிதழோ நகல் எடுக்கும்போது மை படிந்து ஒரு தாள் கெட்டுப்போனால், அதை அவர் குப்பையில் போட மாட்டார். நான்காகக் கிழித்து நம் கையிலேயே கொடுத்துவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஒங்க வீட்டுச் சங்கதி என் கடையில எதுக்குக் கெடக்கணும்" என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவர். இங்கே கணினிப் படிப்புப் படித்த எத்தனையோ பேர் சம்பளம் வாங்குகிற கம்பெனிக்கு அந்த ஒரு வரி தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் யாழினிக்குப் போன் வந்திருக்கிறது. கடையிலிருந்து பேசுகிறோம் என்றான் ஒருவன். நல்ல மரியாதையான பேச்சு. போன வாரம் வாங்கிய அரிசி, தயிர், வெண்டைக்காய் வரைக்கும் வரிசையாகச் சொன்னான். என் கார்டின் கடைசி நான்கு எண்களைச் சொன்னான். பணம் இரண்டு முறை எடுபட்டுவிட்டது, திருப்பித் தர வேண்டும், உங்கள் அம்மாவைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்றான். என் பிள்ளை தன் கார்டு எண்ணையும், போனுக்கு வந்த இரகசிய எண்ணையும் சொல்லிவிட்டாள். அந்த மாத வாடகைப் பணம் போயிற்று. அது மூன்று வாரத்தில் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆகவே நான் எழுதுவது பணத்தைப் பற்றி இல்லை. வேலை முடிந்த பிறகும் அவன் போனை வைக்கவில்லை. "நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று உன் அம்மா கவலைப்படுகிறார்" என்றானாம். "பின்பக்கத்து அறை, தனியாக இருக்கிறாய், இல்லையா?" என்று கேட்டுவிட்டு, தெருக்கதவின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி வாசித்தானாம். சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் அந்த அறையில் அதற்கப்புறம் தங்கவே இல்லை. தோழி ஒருத்தியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, என்னிடம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் அந்த வாரமும் வெண்டைக்காய் அனுப்பினேன். யாரும் எடுக்காமல் அது கதவடியில் கிடந்து அழுகியதாம். பத்து நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே நின்று முழுவதையும் சொன்னாள். நான் அழுதுகொண்டே கையைப் பிடிக்கப் போனேன். கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, என் கதவு நம்பர எதுக்கும்மா எழுதுன?"

பத்திரமாக வந்து சேரட்டும் என்று எழுதினேன் என்றேன்.

"சாமான் பத்திரமா வந்துச்சும்மா" என்றாள்.

என் கணவர் நடுவில் புகுந்து, புகார் எழுதலாம், வக்கீலைப் பார்க்கலாம் என்று ஏதேதோ சொன்னார். அவள் கேட்கவில்லை. வேறு வீடு பார்த்துவிட்டேன் என்றாள். எங்கே என்று கேட்டேன். "சொன்னா நீ யாருகிட்டயாச்சும் சொல்லுவ. நல்லதுக்குத்தான் சொல்லுவ. ஆனா சொல்லுவ" என்றாள். பெற்றவளிடம் பிள்ளை தன் முகவரியை மறைக்கிற நாளை எனக்குக் காட்டியது ஒரு மளிகைக் கம்பெனி. கண்ணும் பார்க்கிறோம், காப்பீடும் தருகிறோம் என்றவர்களுக்கு ஒரு தாய் எழுதிய நான்கு வரியைக் காப்பாற்றத் துப்பில்லை.

அதற்கும் பல நாள் கழித்துத்தான் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. சில வாடிக்கையாளர்களின் கட்டணத் தகவல்களும் 'நீங்களாக முன்வந்து அளித்த பிற விவரங்களும்' வெளியாளர் கைக்குப் போயிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நீங்களாக முன்வந்து. கேட்டது நீ. கட்டம் போட்டது நீ. நிரப்பாமல் விட்டால் அடுத்த தடவையும் அதே கேள்வியைக் கேட்டது நீ. பழியை மட்டும் நாசூக்காக என் மடியில் இறக்கி வைத்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. இனிமேல் உங்கள் பெயரை யாராவது தவறாகப் பயன்படுத்துகிறார்களா என்று கண்காணிக்கும் புதிய சேவை ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்களாம். எனக்கு ஓராண்டு இலவசமாம். பதிவு செய்ய கார்டு எண்ணைத் தரவேண்டுமாம். வேலியைப் பிடுங்கிப் போட்டவனே வந்து, காவலுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கிற கதை.

மின்னஞ்சலை அச்சடித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேலாளர் என்று வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். நல்ல மனிதர்தான், நாற்காலி போட்டார். நான் எழுதிய குறிப்பை யார் யார் படித்தார்கள் என்று கேட்டேன். டெலிவரியில் ஏதாவது பொருள் குறைந்ததா என்று கேட்டார். பொருள் குறையவில்லை, என் மகள் வீட்டுக் கதவு திறந்துவிட்டது என்றேன். என் ஆங்கிலம் அவருக்கு எப்படிக் கேட்டதோ, கதவில் பழுது என்றால் வீட்டு உரிமையாளரிடம்தான் சொல்ல வேண்டும் என்றார். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. பால் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே குரல் உயர்ந்தால் நியாயம் தாழ்ந்துவிடும் என்று பத்து ஆண்டில் படித்திருந்தும் என்னால் அடக்க முடியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இப்படி உணர்வதற்காக வருந்துகிறேன் என்று ஒரு கூப்பனை நீட்டினார். கண் பரிசோதனைக்கும் செல்லும் என்றார். அவருக்கும் ஒன்றும் தெரியாது என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு மேலே இருப்பவருக்கும் தெரியாது. என் வரிகளைப் படித்தவன் எந்த நாட்டில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறானோ. கூப்பனை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

ஊரில் மட்டும் சங்கதி வெளியே போகாதா என்று கேட்பீர்கள். போகும். அதை நான் மறைக்கவில்லை. அதே கண்டக்டர்தான், நான் வகுப்புக்குப் போகாமல் தோழிகளோடு சினிமாவுக்குப் போனதை அம்மாவிடம் சொன்னவர். அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் தூக்குவாளியை வாங்காமலே சண்டை பிடித்தேன். "ஏண்ணே, இப்புடிப் போட்டுக் குடுத்துட்டீங்க?" என்றேன். அவர் டிக்கெட் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஒங்க ஆத்தா நேருக்கு நேரா கேட்டுச்சு. பொய்யா சொல்லச் சொல்ற? இந்தா, கொழம்பு ஆறுது, புடி" என்றார். எனக்கு ஒரு மாதம் அவரோடு பேச்சில்லை. ஆனால் பேசாமல் இருப்பதற்கு ஒரு முகம் இருந்தது. கோபத்தைக் கொண்டுபோய் இறக்க ஓர் இடம் இருந்தது. இங்கே என் கோபத்துக்கு முகவரியே இல்லை. என் மகளின் முகவரிதான் ஊரெல்லாம் கிடக்கிறது. கண்டக்டரிடம் கத்திச் சொன்னதும், திரையில் தட்டிச் சொன்னதும் ஒன்று என்று நினைத்தது என் தப்பு. அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கம்பெனி தன் தப்பை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆப்பை அழித்துவிட்டேன். இப்போது நானே அரிசியும் தயிரும் சுமந்துகொண்டு ரயிலில் போகிறேன். முதல் இரண்டு தடவை யாழினி ஸ்டேஷனிலேயே வந்து பையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டாள். போன ஞாயிறு பை கனத்தது. ஸ்டேஷன் படியில் எனக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து, "சரி, வா" என்றாள். நடந்தோம். வழியில் தெருப் பெயர்ப் பலகைகளைப் படிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். சிவப்புக் கதவு ஒன்றின் முன்னால் நின்றாள். சுவரில் எண்கள் கொண்ட சின்னப் பெட்டி. கையைத் தூக்கியவள் நிறுத்தினாள்.

"அம்மா, கொஞ்சம் அங்கிட்டுத் திரும்பிக்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் வீதியைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆலங்குடியிலிருந்து அண்ணன். தெரிந்த வீட்டுப் பையன் ஒருவன் அடுத்த வாரம் இந்தப் பக்கம் வருகிறானாம். புது முந்திரி கொடுத்துவிடுகிறாராம். "ஏத்தா, பிள்ளை இருக்குற எடத்து அட்ரஸ்ஸச் சொல்லு, எழுதிக்கிறேன். தனியா இருக்குற பிள்ளை, பாத்துக் கையில குடுத்துருன்னு அவன்கிட்ட சொல்லி விடுறேன்" என்றார். அங்கே பேனாவைத் தேடி டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. என் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெட்டி பீப் என்றது. ஒன்று. நான் எண்ணக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு. "சொல்லுத்தா, எழுதுறேன்" என்றார் அண்ணன். மூன்று, நான்கு. கதவு திறந்தது. நான் இன்னும் திரும்பவில்லை. யாழினி கூப்பிடட்டும் என்று, காதில் போனை வைத்தபடி, பெயர் தெரியாத அந்த வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.