பழனியம்மா அக்காவும் குங்குமம் வைத்த சுண்டைக்காயும்

உருகிய மெழுகு வாசனை வந்தால் எனக்கு இன்னமும் பழனியம்மா அக்கா ஞாபகம்தான்...

எண்பதுகளில், பிசியோதெரபி படித்து முடித்த கையோடு கிடைத்த வேலை. வாரம் இரண்டு நாள் சேலத்திலிருந்து பஸ் ஏறி, மலைமேல் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போவேன். அலுமினியச் சட்டியில் மெழுகை உருக்கி, பொறுக்கும் சூட்டில் பழனியம்மா அக்காவின் வலது கையை முக்கி எடுப்பேன். காபி பறிப்பவர். மழையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிந்து, எலும்பு கூடிவிட்டது. விரல்கள்தான் கட்டையாக நின்றுவிட்டன.

காபிப் பழம் பறிப்பு தொடங்கும் அன்று, எஸ்டேட்டில் ஆள் கணக்குப் பார்க்கும் ரைட்டர் முன்னால் பறித்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஏனுங்க டாக்டரம்மா, கை வந்துருமுங்களா?"

"வந்துரும்க்கா" என்பேன். சொல்லிவிட்டு, இருபது கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டே, அதே கவலையோடு இறங்குவேன்.

ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னேன், அமுக்கினார். பட்டன் போட்டார். எனக்கு ஒரே பெருமை. 'வேலைக்குத் தகுதி' என்று சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டு ரைட்டரிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று அக்காவோடு பஸ்ஸுக்கு நடக்கும்போது, வழியோரக் காபிச் செடியைக் காட்டி, சும்மாதான், "அந்தப் பழத்தைப் பறிங்கக்கா, பாக்கலாம்" என்றேன். முன்கூட்டியே பழுத்திருந்த ஒன்றைத் தொட்டார். கொத்தே கையோடு வந்தது. பழம் ஒன்று, பச்சை ஆறு!

பழுத்ததை மட்டும் திருகி எடுக்க வேண்டும். நானோ கையை இறுக்கி மூடத்தான் பழக்கியிருந்தேன்... ஒன்றை எடுத்துப் பக்கத்துக் காயை விட்டுவிடப் பழக்கவே இல்லை. போட்ட கையெழுத்தை நினைத்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. பறிப்புக்கு இன்னும் பன்னிரண்டே நாள்.

எஸ்டேட் செடியில் பழக விட மாட்டார்கள். வேலியோரச் சுண்டைக்காய்தான் கண்ணில் பட்டது. கொத்துக்கு இரண்டு காயில் குங்குமம் தொட்டு வைத்தேன். அதை மட்டும் பறிக்க வேண்டும்.

முதல் நாள் எல்லாமே உதிர்ந்தது. "எனக்கு இனி ஆகாதுங்க" என்று அக்கா அழுதேவிட்டார். அடுத்த தடவை போனபோது சின்ன மகள் என்னிடம் முறையிட்டாள். "தெனமும் எங்கூட்டுல சுண்டக்கா கொழம்புதானுங்க. நொம்பக் கசக்குதுங்க."

அந்த நாளும் வந்தது. பனிமூட்டம். ரைட்டர் குடையோடு நின்றார். அக்கா மெதுவாகப் பறித்தார்... ரொம்ப மெதுவாக. எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. ரைட்டர் அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பதற்றத்தில் நானும் நாலைந்து பறித்து அக்காவின் பையில் போட்டேன்.

ரைட்டர் பையைக் கொட்டினார். சிவப்புக்கு நடுவில் ஒரு பச்சை.

"ஏம்மா பழனியம்மா, இதென்ன?"

அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. "சார், அது நான் பறிச்சது" என்றேன்.

அவர் நம்பவில்லை. "அப்படீங்களா? ரெண்டு பேரும் எங் கண்ணு முன்னால பறிங்க."

நான் பறித்தேன். பழத்தோடு இரண்டு பச்சை வந்தது. அக்கா கட்டைவிரலை வைத்துத் திருகினார். பழம் மட்டும் வந்தது. பக்கத்துக் காய் ஆடக்கூட இல்லை.

ரைட்டர் சிரித்துவிட்டார். "டாக்டரம்மாவுக்கு இங்க வேலை கெடையாதுங்க. பழனியம்மா, நீ நாளைக்கு வந்துரு."

திரும்பும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒன்றைக்கூட நான் எண்ணவில்லை. அழுதுகொண்டே இறங்கினேன்...

இப்போது என் கிளினிக்கில் கைப்பிடி பலத்தை அளக்க மெஷின் இருக்கிறது. பட்டனைத் தட்டினால் எண் வருகிறது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் பேனா நின்றுவிடும். "உங்க வேலையை ஒரு தடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்காமல் போட்டதே இல்லை.

போன வாரம் பால்கனித் தொட்டியில் சுண்டைக்காய் காய்த்திருந்தது. ஒரு காயில் குங்குமம் வைத்துப் பறித்துப் பார்த்தேன்.

மூன்று வந்தது. அக்கா பார்த்திருந்தால் சிரித்திருப்பார்...