ஐசுக்குக் கம்பளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து நன்றாக இராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலைப் பிள்ளைகள் தங்கள் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். காகிதம் என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். பிழை இருந்தால் அவர்களே திருத்திக்கொள்ளட்டும்.

அப்போது நான் கிள்ளானில் ஒரு சீன முதலாளியின் ஐஸ் கடையில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். சின்ன லோரி. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பலகைத் தட்டு. அதில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, மேலே மரத்தூளைக் குவித்து, சாக்கைப் போட்டு மூடுவோம். எவ்வளவு மூடினாலும் கொஞ்சம் கரையத்தான் செய்யும். கரைந்த தண்ணீர் பலகை இடுக்கு வழியாகப் பின் சக்கரங்களுக்கு முன்னாலேயே சொட்டும். தார் ரோட்டில் அதனால் ஒன்றும் இல்லை. செம்மண் மேட்டில் வண்டியை நிறுத்தினால் போச்சு. நம் சக்கரத்துக்கு நாமே சேறு குழைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். மேட்டில் நிற்காதே என்பதுதான் முதலாளி எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம்.

என் அண்ணன் மேரு என்கிற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில், ரப்பர்ப் பால் சேர்க்கிற கொட்டகையில் வேலை பார்த்தார். அவருடைய மூத்த மகளுக்குப் பிரிக்பீல்ட்சில் மாப்பிள்ளை அமைந்தது. ரயில்வே குடும்பம். நிச்சயத்துக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் பானைத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார். அவர் ரயிலில் கார்டு. குரலும் பிளாட்பாரத்துக்குக் கேட்கிற குரல்.

“என்ன சம்பந்தி, குளிக்கிற வெந்நிய மாத்திக் குடுத்துட்டீங்களா? எங்க குவார்ட்டர்ஸ் பக்கம் வாங்க, ஐசு போட்டுத் தரேன்.”

அவர்கள் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை.

“கல்யாணத்துக்கு வாங்க. பல்லு கூசுற மாதிரி சர்பத்து தரேன்.”

அவர்கள் போனதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சொல்லிட்டேன்டா. இனி ஒங் கையில.”

கல்யாணப் பெண் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “சித்தப்பா, ஐசு மட்டும் வரலன்னா அந்த ரயில் பெரியப்பா நான் கெழவி ஆகுற வரைக்கும் இதையே சொல்லிக் காட்டுவாரு.” விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் போய் வாழப் போகிறவள் அவள். அந்தச் சொல் எனக்குள் தைத்துக்கொண்டது.

கல்யாணத்தன்று காலையில் முதலாளியிடம் கேட்டு நல்ல கட்டிகளாக மூன்று ஏற்றினேன். அண்ணன் இன்னொரு வேலையும் வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். கார்டுக்கு மட்டும் இரவு டூட்டி. அவர் காலை ரயிலில் கிள்ளானில் இறங்குவார், அவரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருந்தார். யாருக்காக இந்த ஐஸோ அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ஸ்டேஷனிலேயே குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கழுத்தில் விசிலோடு நின்றார். கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் டூட்டிக் கம்பளி.

“பின்னால என்ன தம்பி சொட்டுது?”

“ஐசு, அண்ணே.”

“ஓ, எனக்கா?” என்று சிரித்தார். “போய்ச் சேருறப்ப குளுந்த தண்ணியாவது மிஞ்சுமா?”

“மிஞ்சும்ணே.”

இதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி, பின்னால் பார்த்து அறிவித்துக்கொண்டே வந்தார். “மூணு கட்டி ஏத்துனே, தம்பி. இப்ப ரெண்டே முக்கால்.”

மேரு தாண்டித் தோட்டத்துக்குப் பிரிகிற செம்மண் பாதையில், ஒரு பலகைப் பாலத்தைக் கடந்ததும் மேடு ஏறும். பாதி மேட்டில் மரத்தடியில் ஒரு முனியாண்டி. நான் எப்போதும் ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு நிற்காமல் போய்விடுவேன். முனியாண்டி கோபித்துக்கொண்டதில்லை.

“நிறுத்து, நிறுத்து” என்றார் கார்டு.

“அண்ணே, மேட்டுல…”

“கல்யாணத்துக்குப் போறோம். முனியாண்டி வாசல்ல ஒரு சூடம் கொளுத்தாமப் போறதா? ரயிலயே நிறுத்துறவன் சொல்றேன், நிறுத்துப்பா.”

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். எப்படி மறுப்பது? நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன்.

அவர் அவசரப்படவில்லை. காற்றில் சூடம் அணைந்தது, மறுபடி கொளுத்தினார். எனக்குத் திருநீறு பூசிவிட்டார். அத்தனை நேரமும் பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வண்டியைக் கிளப்பினேன். சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. லோரி எண்ணெயில் நிற்பது போல நகர்ந்து, கல்லையும் தள்ளிக்கொண்டு ஒரு சாண் பின்னுக்குப் போயிற்று. அப்படியே பின்னால் விடலாமென்றால் கீழே அந்தப் பலகைப் பாலம். வழுக்குகிற வண்டியை அதில் நேராக இறக்க முடியாது. ரப்பர் கிளைகளை ஒடித்துப் போட்டோம், சக்கரம் அவற்றைத் துப்பியது. காட்டுச் செடியைப் பிடுங்கிப் போட்டோம், அதையும் துப்பியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கார்டு இடுப்பில் கை வைத்து நின்றார். “என்ஜின் வழுக்குனா தண்டவாளத்துல மணல் போடுவோம் தம்பி. ஒங்கிட்ட மணல் இருக்கா?”

“மணல் இல்லண்ணே. மரத்தூள்தான்.”

“அதை எடு.”

“அது ஐசுக்குப் போர்வைண்ணே. எடுத்தா, போறதுக்குள்ள எல்லாம் தண்ணியாப் போயிரும்.”

தூளை எடுத்தால் ஐஸ் போகும். எடுக்காவிட்டால் இங்கேயே நின்று ஐஸ் போகும். இரண்டு பேரும் சொட்டுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போது அவர் எத்தனை கட்டி என்று சொல்லவில்லை.

“கல்யாணப் புள்ள மொகம் சுருங்கிடும்ல?” என்று கேட்டார்.

நான் சாக்கை இழுத்துச் சரியாக மூடினேன்.

“எனக்கு வாய் சும்மா இருக்காது தம்பி. அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் என் பொண்டாட்டி புடிச்சிக்கிட்டா. ‘பொண்ணு எடுக்கப் போனீங்களா, தண்ணி சோதிக்கப் போனீங்களா’ன்னு.” சொல்லிக்கொண்டே முன்னால் போய், தன் கம்பளியை எடுத்து உதறினார். “இதப் போத்துனா சூடு ஏறிடாதே?”

“ஏறாதுண்ணே. வெயில உள்ள விடாது.”

“குளிருக்குப் போத்துறது. இன்னைக்குக் குளிருக்கே போத்துவோம்.”

தூளை வழித்துச் சக்கரங்களுக்கு முன்னால் பாதை போல இறைத்தோம். கட்டிகளைச் சேர்த்து வைத்துக் கம்பளியால் சுற்றி, மேலே சாக்கைப் போட்டோம். கார்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் போய்த் தோள் கொடுத்தார். கல்லைத் தள்ளிவிட்டு ஒரு விசில் ஊதினார். நான் பிரேக்கை விட்டேன்.

சக்கரம் முதலில் கொஞ்சம் தயங்கியது. பிறகு தூளைப் பிடித்துக்கொண்டு ஏறியது. ஏறிய வண்டியை மேட்டில் நிறுத்த முடியுமா? உச்சிக்குப் போய்த்தான் நிறுத்தினேன். பின்னால் விசில் ஊதியபடியே ஓடி வந்தார். புறப்படச் சொல்கிற விசில் இல்லை அது. வந்து சேர்ந்தபோது தலையிலிருந்து கால்வரை செம்மண்; அதன்மேல் மரத்தூள், பலகாரத்தில் எள் ஒட்டிய மாதிரி.

“பயணிய விட்டுட்டுப் போற வண்டிய இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்று மூச்சு வாங்கிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெரியவர் முன்னால் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தோட்டத்தில் இறங்கியதும் அண்ணிக்குக் கம்பளி கண்ணில் பட்டது. “ஐயோ, இப்படிப் போத்தி வச்சா வெந்து போயிராது?” என்று இழுக்க வந்தார். சமையல்காரர் இன்னொரு பக்கம். ஐசில் மரத்தூள் ஒட்டியிருக்கிறதாம். கல்யாண வீட்டில் அசுத்தம் ஆகாதாம். ஒரு குடம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் தொடுவேன் என்றார். நான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கார்டு லோரித் தட்டில் ஏறிக் கம்பளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“குடத்தைக் கீழ வைய்யா. சர்பத்துப் பானை வந்தப்பறம்தான் இது திறக்கும். தூளு ஒட்டுன எடத்த நானே செதுக்கித் தரேன்.”

மாப்பிள்ளையின் அப்பா வந்து பார்த்தார். “மச்சான், இது என்ன கோலம்? ஒங்களத் தோட்டத்துல வேலைக்கு எடுத்துட்டாங்களா?”

“பேசாமப் போங்க மாமா. டூட்டியில இருக்கேன்.”

தாய்மாமன் எங்கே என்று மேடையிலிருந்து ஆள் மேல் ஆள் வந்து கூப்பிட்ட பிறகுதான், எனக்குக் காவல் மாற்றிக் கொடுத்துவிட்டு, அதே செம்மண் வேட்டியோடு போய் நின்றார்.

தாலி கட்டி முடிந்தது. மூன்று கட்டியில் ஒன்றரை மிஞ்சியிருந்தது, அதுவே தாராளம். அண்ணன் முதல் டம்ளரைத் தம் கையாலேயே கொண்டுபோய்க் கார்டிடம் நீட்டினார். அண்ணன் மகள் மாலையோடு தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள்.

அவர் மெதுவாகக் குடித்தார். கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு தாடையைப் பிடித்துக்கொண்டு, பிளாட்பாரத்துக் குரலில் சொன்னார்.

“பல்லு கூசுது சம்பந்தி.”

அண்ணன் அப்போதுதான் சிரித்தார்.

நனைந்த கம்பளியை ரப்பர் ஷீட் காய்கிற புகைக் கொட்டகையில் தொங்கவிட்டுக் காயவைத்துக் கொடுத்தோம். அந்தப் புகை வாசம் அதைவிட்டுப் போகவே இல்லை. இப்போது நானும் பிரிக்பீல்ட்ஸ்வாசிதான். அண்ணன் மகள் வீட்டுக்குப் போனால் சில நாள் கார்டும் வந்திருப்பார். கம்பளியை என் மூக்கருகில் நீட்டி, “ஒங்க தோட்டம் தம்பி” என்பார். அவள் உள்ளேயிருந்து பெரியப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். பானைத் தண்ணீர்தான். ஒன்றும் சொல்லாமல் குடிப்பார்.

எழுதி முடித்தது: 1939, சித்திரை மாதம் பத்தாம் நாள், பிரிக்பீல்ட்ஸ்.