குழாய்க்காரருக்கு நீலப் பட்டை

ஏணியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து குழாய்க்காரர் ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். அந்த ஐந்து மாதமும் சமையலறை ஓடியது மாதா கோயில் ஆண்கள் சங்கத்தின் புண்ணியத்தில்தான். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை அரிசி, எண்ணெய், பால் பவுடர், சோப்பு எல்லாம் வந்து இறங்கும். கொண்டுவருகிற இரண்டு பேரும் வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே அகலமான நீலப் பட்டை போட்டிருப்பார்கள். தெருமுனையில் அவர்கள் திரும்பும்போதே எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். குழாய்க்காரரின் மகள் பின்கட்டுக்குப் போய்விடுவாள்.

கால் கூடியதும் முதல் வேலையாக, "நான் சங்கத்துல சேரப்போறேன்" என்றார்.

அவர் மனைவி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். "கூட்டம்னாலே உங்களுக்குக் கொட்டாவி வரும். போன வருஷம் சாமியார் பிரசங்கம் முடியறதுக்குள்ள குறட்டை விட்ட ஆளு."

"விளையாடாத. இப்படி வாங்கித் தின்னவனாவே நின்னுட்டா எனக்குச் சோறு இறங்காது."

அவள் சல்லடையை ஓங்கித் தட்டினாள். அவளுக்கும் இறங்கவில்லைதான்.

கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் கூட்டம் நடந்தது. எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரம். தலைவர் மருந்துக்கடைக்காரர். செயலாளர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கெடுத்தாலும் விதிப் புத்தகத்தைத் திறப்பதால் அவருக்குப் பெயரே 'சட்டம்' என்று ஆகிவிட்டது.

சட்டம் புத்தகத்தைத் திறந்தார். "உதவிப் பட்டியல்ல பேர் இருக்கறவங்க உறுப்பினராக முடியாது. ஏழாவது விதி."

"கால்தான் சரியாயிடுச்சே, பேரை அடிச்சிடுவோம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அடிச்சு ஒரு வருஷம் ஆகணும்."

"யோவ், சர்க்கரை வியாதிக்கே மூணு மாசத்துல ரத்தம் எடுத்துப் பாத்துடறோம். இவருக்கு ஒரு வருஷமா?"

இழுபறிக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. மூன்று மாதம் குழாய்க்காரர் சட்டத்தோடு சேர்ந்து வீடு வீடாகப் போகவேண்டும். பிறகு எல்லோரும் கை தூக்கவேண்டும். ஒரே ஒரு கை கீழே இருந்தாலும் ஒரு வருஷம் காத்திருக்கவேண்டியதுதான்.

முதல் சனிக்கிழமையே சோதனை வந்தது. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார் டைப்ரைட்டிங் டீச்சர். ரொம்பக் கஷ்டம் என்று சாமியாரே சொல்லி அனுப்பிய வீடு. சட்டம் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ நின்றது. கதவு திறக்கவில்லை. 'வீட்டில் இல்லை' என்று நாலாவது முறையாக நோட்டில் எழுதினார்.

"வீட்டுலதான் இருக்காங்க ஐயா. குழாய் ஒழுகற சத்தம் கேக்குது. இப்பதான் வாளியை மாத்தி வெச்சாங்க."

"திறக்காதவங்களை நாம என்ன தம்பி பண்ண முடியும்?"

குழாய்க்காரருக்கு வாயைக் கட்ட முடியவில்லை. "திறக்க மாட்டாங்க ஐயா. கதவு ஓட்டை வழியா இந்தப் பட்டை தெரியுதுல்ல. நீங்க எங்க வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் தெருவுக்கே தெரியும். என் பொண்ணு ஓடி ஒளிஞ்சிக்குவா."

சட்டத்தின் முகம் சிறுத்துப்போனது. "பட்டை சங்கத்தோட மரியாதை."

"உங்க மரியாதை சரி. எங்க மரியாதை?"

சட்டம் நோட்டை மூடினார். விறுவிறுவென்று படி இறங்கிப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பிடித்துக்கொண்டாள். "நல்லா வாய் இருக்கு உங்களுக்கு! சேரணும்னு நீங்களே போய் நின்னீங்க. சேத்துக்கவேண்டிய மனுஷன் மூஞ்சிலயே அடிச்சிட்டு வந்திருக்கீங்க. இனி அவர் கை எங்க எழும்பும்?"

"நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? சரியானதைச் சொல்றதுக்கு மூணு மாசம் பொறுக்கக்கூடாதா?"

அடுத்த முறை குழாய்க்காரர் பயந்துகொண்டுதான் போனார். ஆனாலும் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, கோபிச்சுக்காதீங்க. ரெண்டு பேரா போகணும்னு விதி இருக்கு. பட்டை போட்டுட்டுத்தான் போகணும்னு இருக்கா?"

"இல்லாம என்ன?" என்று சட்டம் புத்தகத்தைப் புரட்டினார். பட்டை பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: திருப்பலிக்கும் பவனிக்கும் அணியவேண்டும். முன்னும் பின்னும் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார். வேறு எங்கும் இல்லை.

"முப்பது வருஷமா..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். பட்டையைக் கழற்றி மடித்தார். "சரி. வேற எப்படிப் போறதாம்?"

"குழாய் ரிப்பேர் பண்றவன் எந்த வீட்டுக்குள்ள போனாலும் யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க ஐயா."

அரைமணி நேரத்தில் சட்டம் ஒரு பழைய சட்டையில், கையில் ஸ்பேனர் பையோடு மூன்றாவது மாடி ஏறினார். மூச்சு வாங்கியது. குழாய்க்காரரின் பெரிய பையில் மேலே குழாய்ச் சாமான்கள், அடியில் அரிசி.

"யாரு?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"குழாய் ரிப்பேருங்க. உங்க வீட்டுத் தண்ணி கீழே படிக்கட்டுச் சுவர்ல இறங்குது. பாத்துட்டுப் போறோம்."

அது பொய்யில்லை. சுவர் ஒரு கதவு அகலத்துக்கு ஊறிப்போயிருந்தது. கதவு திறந்தது. ஒல்லியான அம்மா, தலை வாரி, புடவை மடிப்புக் கலையாமல் நின்றார்.

குழாய்க்காரர் தொட்டிக்கு அடியில் புகுந்தார். சட்டம் டார்ச் அடித்தார். வெளிச்சம் குழாயைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது; முக்கியமாக அலமாரிக்கு. அங்கே இருந்த ஆறு டப்பாவில் ஐந்து காலி.

"உங்க ஆளுக்கு டார்ச் பிடிக்கக்கூடத் தெரியலையே" என்றார் டீச்சர்.

"புதுசுங்க. மூணு மாசம் வெச்சுப் பாத்துட்டுத்தான் சேத்துக்கிறதா இருக்கேன்."

சட்டம் இருமினார். டார்ச் ஆடியது.

வாஷர் மாற்றிக் குழாயை இறுக்கியதும் ஒழுகல் நின்றது. குழாய்க்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து பொட்டலங்களை எடுத்தார்.

"அம்மா, ஒளிக்கலை. இது கோயில் சங்கத்துச் சாமான். நாங்க வந்தது குழாய்க்குத்தான்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். இது வேற யாருக்கும் தெரியாது. நான் கால் ஒடஞ்சு கிடந்தப்ப எனக்கும் வந்துச்சு. என்ன, எனக்கு ஊர்வலமா வந்துச்சு."

டீச்சர் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த மேடையில வைங்க. வாஷர் தாங்குதான்னு ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாக்கணும். பாதி வேலையா விட்டுட்டுப் போயிடக்கூடாது."

"கண்டிப்பா வர்றோம்மா" என்று முந்திக்கொண்டு சொன்னது சட்டம்.

அந்த வாஷர் மூன்று மாதத்தில் ஆறு முறை சோதிக்கப்பட்டது. கதவைத் திறக்காமல் இருந்த இன்னும் நான்கு வீடுகளில் குழாய்களும் தாழ்ப்பாள்களும் சரியாயின.

கை தூக்கும் நாள் வந்தது. மருந்துக்கடைக்காரர் கேட்டார். ஏழு கை எழுந்தது. சட்டத்தின் கை மேஜை மேலேயே இருந்தது. குழாய்க்காரர் அந்தக் கையையே பார்த்தார்.

"எழுதிட்டு இருக்கேன்யா, பொறுங்க" என்றார் சட்டம். எழுதி முடித்து எழுந்து நின்று வாசித்தார்: "இன்று முதல் வீடுகளுக்குப் பட்டை அணியாமல் செல்லவேண்டும். முன்மொழிபவர் செயலாளர். வழிமொழிபவர், புதிய உறுப்பினர்." அப்புறம்தான் கையைத் தூக்கினார். "இவரைச் சேக்காம இவர்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்கறது?"

"அடப்பாவி, என் நெஞ்சே நின்னுபோச்சு" என்று மருந்துக்கடைக்காரர் நாற்காலியைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசையில் சாமியார் பீடத்துக்கு முன்னால் குழாய்க்காரரை நிற்கவைத்துத் தோளில் பட்டையைப் போட்டார். கோயில் முழுக்கக் கைதட்டியது. பூசை முடிந்ததும் புதிதாகச் சேர்ந்தவர்தான் வரிசைக்கு முன்னால் நடக்கவேண்டும் என்பது வழக்கம். குழாய்க்காரர் நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடந்தார். மற்ற எட்டுப் பேரும், சட்டம் உட்பட, அவருக்குப் பின்னால் வந்தார்கள்.

பின் பெஞ்சிலேயே உட்கார்ந்து பழகிய மனைவி அன்று முதல் பெஞ்சுக்கு வந்திருந்தாள். மகள் எல்லோருக்கும் தெரியும்படி பெஞ்சு ஓரத்தில் நின்றாள்.

பக்கத்தில் இருந்தவள் மனைவியின் காதருகே கேட்டாள். "முன்னாடி வர்றது யாருங்க?"

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் அவள், மூன்று பெஞ்சுக்குக் கேட்கும்படி.