எழுதாத பக்கத்தின் நிறம்

அக்காவுக்கு வெள்ளைத் திரை ஆகாது. கொஞ்ச நேரம் பார்த்தால் ஒரு பக்கத் தலை இடிக்கும். மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு அதற்கும் என்னைத்தான் பிடுங்குவாள்.

"கலர் கலரா டிசைன் பண்ணித்தானே சம்பளம் வாங்குற? நம்ம நோட்ஸ் ஆப்புக்கு ஒரு இருட்டுத் தீம் பண்ணிக் குடுடீ. நம்ம ரூமு சுவரு மாதிரி இருக்கணும்."

நம்ம ரூம் என்பது செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும் படுத்த முன்னறை. எதிரே ஒரு டிபன் ஹோட்டல். அதன் பலகையில் பெயர் சிவப்பு நியான் குழாய், சுற்றிலும் நீலக் குழாய். விளக்கு வைக்கிற நேரத்தில் அது எரிய ஆரம்பித்ததும் இரண்டும் கலந்து எங்கள் சுவரில் ஒரு ரோஸ் நிறம் படியும். அந்த வெளிச்சத்தில் அக்கா விரலை மடக்கி மான் காட்டுவாள், நாய் காட்டுவாள். என் நாய்க்கு மட்டும் காது வராது.

அப்பா ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. அதன் எல்.இ.டி. பலகை கண்ணைக் குத்துகிறது.

மாதாப்பூர் ஆபீஸில், சாப்பாட்டு இடைவேளையில் தீம் செய்தேன். முழுக் கறுப்பில் நியான் எழுத்து வைத்தால் ஓரம் நடுங்கும். அதனால் பின்னணிக்குக் கத்தரிப்பூ கலந்த இருட்டு, தலைப்புகளுக்கு நீலம். ரோஸ் மட்டும் அகப்படவே இல்லை. செகந்திராபாத்தில் இன்னும் எரிகிற, அதே சிவப்பும் நீலமுமான ஒரு பழைய நியான் பலகையைப் போட்டோ எடுத்து வந்து, கணினியில் அந்தக் குழாயின் மேல் சுட்டியை வைத்து நிறத்தை எடுத்தேன். வெள்ளைதான் வந்தது. போட்டோவில் குழாய் வெளுத்துப்போகும், நிறமெல்லாம் பக்கத்துச் சுவரில்தான் நிற்கும். இத்தனை வருஷம் இதே பிழைப்பு, இது புத்திக்கு எட்டவில்லை! சுட்டியைச் சுவர்மேல் வைத்ததும் எங்கள் ரோஸ் வந்துவிட்டது. ஆபீஸ் என்றும் பாராமல் கண் கலங்கியது.

"ஹவ்டீ, இதேதான், இதேதான்" என்று போனில் கத்தினாள் அக்கா. ஆமாம்டீ என்பதற்கு எங்கள் ஊர் உருது அது, மெல்போர்ன் போயும் அவளை விடவில்லை.

அந்த ரோஸை இணைப்புகளுக்கு வைத்தேன். அந்த ஆப்பில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு தொகுப்பு உண்டு. அம்மாவின் வத்தக்குழம்பு, அப்பா எங்களைத் திட்டிய திட்டுகள் என்று ஆளுக்கொரு பக்கம் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்புக் கொடுப்போம். தலைப்பு மட்டும் வைத்து உள்ளே பக்கம் இன்னும் தொடங்காவிட்டால், அந்த இணைப்பு மங்கலாகத் தெரியும். அப்படி மங்கலாக ஒன்று முதல் பக்கத்தில் வெகுகாலமாக இருக்கிறது. அக்கா வைத்தது: 'நான் வரும் நாள்.' டிக்கெட் போட்டதும் உள்ளே எழுதுகிறேன் என்றாள்.

அம்மாவின் காரியத்துக்கு வந்துபோனவள். அப்புறம் லீவு இல்லை, பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீடு மாற்றுகிறோம். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்பதைத்தான் விட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் வரவேண்டும். வந்து நாள் முழுக்க என்னோடு சண்டை போட்டுவிட்டுப் போனாலும் சரி.

புதுத் தீமில் அந்த மங்கல் எழுத்தைப் படிக்கவே முடியவில்லை என்று அக்காவிடமிருந்து புகார் வந்தது. கொஞ்சம் தெளிவாக்கி அனுப்பி, சரியா பார் என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை ஆபீஸில் ஆப்பைத் திறந்தால், 'நான் வரும் நாள்' முழு ரோஸில் எரிகிறது. எழுதிவிட்டாள்! டீக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. மழைக்காலமா, டிசம்பரா, தனியாகவா, பிள்ளைகளோடா என்று அந்த ஒரு நொடியிலேயே வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அவளுக்குப் படுக்கை போட்டுவிட்டேன். தொட்டுத் திறந்தேன்.

உள்ளே ஒன்றும் இல்லை.

அவளுக்கு அங்கே மத்தியானம். போன் போட்டேன்.

"அக்கா, 'நான் வரும் நாள்' எரியுதே?"

"அதுவா? நீதானே கலரைப் பாருன்னு சொன்ன. அதும்மேல தட்டிட்டேன் போல."

ஆப்பின் வழக்கம் அது. மங்கல் இணைப்பைத் தட்டினால் வெற்றுப் பக்கம் ஒன்றைத் தானே தொடங்கிவிடும். இணைப்பும் பற்றிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"கைக்கு, ஏன்டீ பேசமாட்டேங்குற? அழுவுறியா? நக்கோடி, அழாதடீ."

"இல்லக்கா."

அந்தப் பக்கத்தை அழித்தால் பழையபடி மங்கிவிடும். அழிக்கவா என்று கேட்டு நின்ற பட்டனுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, கலர் அங்க எப்படித் தெரியுது?" என்றாள்.

விரலை எடுத்துவிட்டேன்.

"நல்லா எரியுதுக்கா" என்றேன்.