மீன் கூடையில் இல்லாத நாற்றம்

திருமானூருக்கும் அரியலூருக்கும் இடையே ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் செல்லதுரை கண்டக்டராக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. மற்ற கண்டக்டர்கள் செருப்போடு வருவார்கள். இவர் மட்டும் சாக்ஸ், ஷூ மாட்டிக்கொண்டு வருவார். சில வருஷங்களாகச் சர்க்கரை. நினைவு வந்தால் மாத்திரை போடுவார், இல்லாவிட்டால் இல்லை.

வாசனை தெரிவதும் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் அடியோடு நின்றுபோனது. முதலில் சளி என்று இருந்துவிட்டார். அப்புறம் வெளியே சொல்லக் கூச்சம். மனைவி வேம்பு கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தால், "வாசனையே தூக்குது" என்பார்.

2004 சித்திரையில் ஒரு நாள் வேம்பு, "வூட்டுல எலி ஏதும் செத்துக் கெடக்கா? ஒரு மாதிரி வாடை வருதே" என்றாள்.

அவரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ஆமா, பரண்லதான் இருக்கும்" என்றார்.

அன்றைக்குக் காலை டிரிப்பில் பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டது. "கண்டக்டரே, கொடலப் பொரட்டுது, என்னன்னு பாருங்க" என்று ஒருவர் சத்தம் போட்டார். செல்லதுரை சுற்றிலும் பார்த்தார். பின்படி ஓரமாக மீன்காரி காத்தாயி, கொள்ளிடத்து மீன் கூடையோடு நின்றிருந்தாள்.

"யம்மா, நீ எறங்கு."

"இப்பதான் புடிச்ச மீனுங்கய்யா. நீங்களே மோந்து பாருங்க." ஈரச் சாக்கை விலக்கிக் கூடையை அவர் முகத்துக்கு நேராகத் தூக்கினாள்.

மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வாசனை தெரியாதம்மா என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அழுவுன மீன ஏத்திட்டு வந்து நியாயம் வேற பேசுறியா?" என்று கத்தி, விசில் அடித்து, கீழப்பழுவூருக்கு முன்னால் நிழல் இல்லாத ரோட்டில் அவளை இறக்கிவிட்டார்.

பஸ் கிளம்பியது. நாற்றம் போகவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் ராசாங்கம் அவரைத் தனியே கூப்பிட்டான். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. உங்ககிட்டேருந்துதான் வருது."

ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் பாதத்தோடு ஒட்டியிருந்தது. ஷூவின் அடியைத் துளைத்து ஆணி ஒன்று ஏறியிருந்தது. உள்ளங்காலில் சீழ் பிடித்த குழி. தொட்டால்கூட வலிக்கவில்லை.

டாக்டர் சொன்னார்: "சர்க்கரையால கால் நரம்பு கெட்டிருக்கு, அதான் வலி தெரியல. சர்க்கரை உள்ள சில பேருக்கு மோப்பமும் மங்கும். உங்களுக்கு அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா வாசனை தெரியலன்னு வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வீட்டுல தேடிப் பாத்திருப்பாங்கல்ல?"

வேம்பு பக்கத்தில் நின்றாள். செல்லதுரை நிமிரவில்லை.

அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வேம்புதான் தினமும் அவர் பாதத்தைப் புரட்டிப் பார்த்து, குனிந்து மோந்துவிட்டுக் கட்டுப் போடுவாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆடியில் வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே காத்தாயி ஏறினாள். பஸ் நிறைய ஆட்கள். செல்லதுரை அவள் முன்னால் போய் நின்றார்.

"அன்னிக்கு நாறுனது உன் மீனு இல்லம்மா. என் காலு. எனக்கு வாசனையே தெரியாது. தெரிஞ்ச மாதிரி கத்திட்டேன்." எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"அன்னிக்கு எந்த பஸ்ஸுக்காரனும் என்னைய ஏத்தல. மீனு அத்தனையும் வெயில்லயே போச்சு" என்றாள் காத்தாயி. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "சரி, டிக்கெட்டக் கிழிங்க" என்றாள்.

மறுநாள் திருமானூர் நிறுத்தத்தில் கூடையோடு நின்றிருந்தாள். செல்லதுரை படியில் இறங்கி நின்று அவளுக்காகக் காத்திருந்தார். அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த பஸ்ஸில்தான் போனாள்.