உபவாசம் என்று நினைத்தார்கள், எனக்குப் பல்வலி

சபையில் உள்ள அக்கா தங்கச்சிமார் எல்லாருக்கும் என் தோத்திரம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. பிழை இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். மறதியும் ஜாஸ்தியாகிவிட்டது. ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொல்லி ஆயரம்மா மூன்று ஞாயிறாகக் கேட்டார்கள். எழுந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. எழுதித் தருகிறேன், யாராவது வாசியுங்கள் என்றேன்.

நான் விளாங்குடியில் தனியாக இருக்கிறேன். முன்னே செல்லூரில் ஒரு தறிப்பட்டறையில் நூல் சுற்றும் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஆண்டவரிடம் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் திருப்பூரில் இருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுவாள்.

எனக்கு வலது பக்கம் அரைக்கிற பல் ஒன்றுகூடக் கிடையாது. இடது பக்கம் இருப்பதை வைத்துத்தான் சாப்பிட்டு வந்தேன். அதிலும் கீழே இரண்டு பல் சொத்தையாகிவிட்டது. போன லெந்து தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் மெயின் ரோட்டுப் பல் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டையும் அடைத்துக்கொண்டேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையானவர். மரத்துப்போக ஊசி போட்டார். அடைத்து முடித்ததும் ஒரு கலர் தாளைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு, "உசரமா இருக்காம்மா?" என்று கேட்டார்.

நாற்காலியை அவர் மேலே ஏற்றி வைத்திருந்தார். என் கால் தொங்கியது. இறக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "இல்லம்மா, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"ரெண்டு மூணு நாள் கூசும். வலி விடலைன்னா உடனே வாங்க" என்று அனுப்பினார்.

வலி விடவில்லை. ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது. சும்மா இருந்தால் வலிக்காது. எதையாவது கடித்தால் உச்சந்தலை வரை இழுக்கும். தண்ணீர் பட்டால் கூசும். இட்லியைக்கூட ரசத்தில் கரைத்துக் குடித்தேன். பிறகு அதற்கும் பயந்து கஞ்சியோடு நிறுத்திவிட்டேன். சேலை இடுப்பில் நிற்காமல் நழுவியது.

திரும்ப டாக்டரம்மாவிடம் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போனால் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம். அந்த இரண்டும் போய்விட்டால் சாகும் வரைக்கும் எனக்குக் கஞ்சிதான். அதனால் ஜெபம் மட்டும் பண்ணினேன். ஆண்டவரே, வலியை எடுத்துப்போடும், பல்லை எடுத்துவிடாதேயும் என்று கேட்டேன்.

யாரிடமும் சொல்லவில்லை. முகம் வீங்கவில்லை, வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும். சில நாள் காலையில் பால்காரரிடம் "அரை லிட்டர்" என்று சொன்னதோடு என் பேச்சு முடிந்துவிடும். மகள் போனில் "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "சாப்பிட்டேன் தாயி" என்பேன். அவள் வைத்த பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் பெண்களுக்கு உபவாச ஜெபம் உண்டு அல்லவா? இரண்டு மணிக்கு முடிந்ததும் எலுமிச்சைச் சாதம் கொடுப்பார்கள். முதல் வெள்ளியில் எனக்கும் தட்டு வந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பரிமாறிக்கொண்டிருந்த எஸ்தர், "அக்கா சாயந்தரம் வரைக்கும் உபவாசம் போல" என்றாள். எஸ்தர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. இல்லை, பல் வலிக்கிறது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை பேர் முன்னால் பல்லைப் பற்றி என்ன பேசுவது என்று தலையை ஆட்டிவிட்டேன்.

நான் செய்த தப்பு அதுதான். அடுத்த வெள்ளியில் என் பக்கம் தட்டே வரவில்லை. "கிருபை அக்கா லெந்து முழுக்க உபவாசம், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை டீயும் பன்னும் கொடுக்கும்போதும் என்னைத் தாண்டிப் போனார்கள். எல்லாரும் மரியாதையாக விலகி நின்றார்கள். நான் மெலிந்ததைப் பார்த்து ஒரு தங்கச்சி, "முகத்துல ஒளி வந்திருக்கு" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. அது ஒளி இல்லை, பசி.

சுற்றி நாற்பது பேர் இருந்தும் தனி ஒருத்தியாக உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பெரிய பொய்யை வைத்துக்கொண்டு கேட்டால் ஆண்டவர் எப்படிக் கேட்பார் என்று நினைத்து, ஜெபம் பண்ணவும் பயமாகிவிட்டது. அந்த நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம்.

ஐந்தாம் வெள்ளி. ஆயரம்மா எழுந்து, "முடிவு ஜெபம் இன்னைக்குக் கிருபை அக்கா பண்ணட்டும். அவங்க என்ன, நம்மள மாதிரி ரெண்டு மணி எப்ப அடிக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கிற ஆளா?" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து எழுப்பி நிறுத்திவிட்டார்கள். நான் அதுவரை சபையில் சத்தமாக ஜெபித்ததே இல்லை.

"அன்புள்ள ஆண்டவரே" என்றேன். மேலே வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். பிறகு என் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஆண்டவரே, எனக்குப் பல்லு வலிக்குது. நான் உபவாசம் இல்ல. எனக்குப் பசிக்குது."

பின்னால் யாரோ பழக்கத்தில் "ஆமென்" என்றார்கள். ஒருத்தர் சிரித்தார். நான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தர்தான் கரண்டியோடு ஓடி வந்தாள். "எக்கா! என்னக்கா இது! ஒங்க தட்ட நாந்தான எடுத்து எடுத்து உள்ள வச்சேன். பாவி, அந்தப் பாவம் எனக்குல்ல வந்து சேரும்! ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?" அவளும் அழுதாள். "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"பிடுங்கிருவாங்க எஸ்தரு."

"பிடுங்குனா நான் கொழையக் கொழைய சோறாக்கித் தாரேன். நடங்க."

ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "வலி விடலைன்னா வரச் சொன்னேன்ல? இத்தன வாரமா என்னம்மா பண்ணீங்க?" என்றார்.

"உபவாசம் இருந்தாங்க டாக்டர்" என்றாள் எஸ்தர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அதே நாற்காலி, அதே கலர் தாள். கடித்தேன். "இப்பச் சொல்லுங்க, உசரமா இருக்கா?"

இந்தத் தடவை பொய் சொல்லக் கூடாது என்று, "இருக்கும்மா. கால் தரையில படல" என்றேன்.

டாக்டரம்மா கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். "நாற்காலியக் கேக்கலம்மா. அடச்ச பல்லு உசரமா இருக்கான்னு கேட்டேன். அன்னைக்கும் நாற்காலியத்தான் சொன்னீங்களா?"

ஆமாம் என்றேன். எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா கண்ணாடியில் காட்டினார். ஒரு பல்லில் அடைத்த இடம் கொஞ்சம் மேடாக இருந்தது. அதில் மட்டும் கலர் தாளின் நீலப்புள்ளி அழுத்தமாக விழுந்திருந்தது. கடிக்கிற பாரமெல்லாம் அந்த ஒரு பல் மேலேயே போயிருக்கிறது. ஊசி போடவில்லை, பிடுங்கவில்லை. மேட்டைத் தேய்த்துச் சமன் செய்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. "முழுசா அடங்க ஒரு வாரம் ஆகும். அடங்கலைன்னா வேரைப் பாக்கணும். அப்பயாவது வந்து சொல்லுங்க" என்றார்.

அந்த ஒரு வாரமும் பயந்துகொண்டேதான் ஜெபித்தேன். ஆனால் தைரியமாக ஜெபித்தேன், மறைக்க ஒன்றும் இல்லையே. எஸ்தர் மூன்று நாள் குழைந்த சோறும் பருப்பும் கொண்டுவந்து, என் எதிரே உட்கார்ந்து அவளும் சாப்பிட்டாள். வலி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குருத்தோலை ஞாயிறு காலையில் தோசையின் முறுகலான ஓரத்தைப் பிய்த்து இடது பக்கம் வைத்துக் கடித்தேன். வலிக்கவில்லை. இன்னொரு தரம் கடித்தேன். அடுப்பங்கரையில் நின்றபடியே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

வலியை எடுத்துப்போடும் என்று கேட்டேன். அவர் முதலில் என் வாயைத் திறந்தார். மகளிடமும் எல்லாம் சொன்னேன். திட்டினாள், அழுதாள். இப்போது புதன்கிழமையும் போன் பண்ணுகிறாள்.

வீட்டில் இப்போதும் நான் ஒருத்திதான். எஸ்தருக்குக் குடும்பம் இருக்கிறது, தினமும் வர முடியாது. ஆனாலும் முன்னைப் போல இல்லை. சபையில் யாராவது தட்டை வாங்காமல் இருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏன் என்று கேட்கிறேன். உங்களில் யாருக்காவது சொல்லாத வலி இருந்தால் ஆண்டவரிடம் சொல்லுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் கேட்கிறார். நான் கண்டேன்.

அது ஐந்தாம் வெள்ளிதானா, நான்காம் வெள்ளியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. டாக்டரம்மா சொன்னதையும் சரியாக எழுதினேனா தெரியவில்லை. வாசிப்பதற்கு முன்னால் யாராவது ஒரு தரம் சரிபார்க்க வேண்டும். போனில் கேட்டால் எனக்குப் பதற்றத்தில் மறந்துபோகும். வீட்டுக்கு வந்து கேட்டால் நல்லது. சாயங்காலம் எல்லா நாளும் இருப்பேன்.