எழுத்தில்லாத நாற்பத்தெட்டுப் பக்கங்கள்

இந்த நினைவு மலரோடு ஒரு படக்கதைப் புத்தகமும் உங்கள் கைக்கு வந்திருக்கும். அப்பாவின் முதலாண்டு நினைவு நாளில் அதை உங்களுக்குக் கொடுப்பதற்குள் நாங்கள் பட்ட பாட்டை மகள் என்ற முறையில் நான்தான் சொல்ல வேண்டும்.

அப்பா இடைசெவலில் ஆடு வளர்க்கும் குடும்பத்தில் பிறந்தார். பாடம் எழுதிய நாட்களைவிட, சிலேட்டில் படம் போட்டு அடி வாங்கிய நாட்களே அதிகம் என்பார். கோவில்பட்டிக்கு வந்து தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைந்தார். ஒரு லேபிளில் இருந்த புலியைப் பார்த்துவிட்டு, சிவகாசிப் பதிப்பாளர் ஒருவர் படக்கதை வரைய அழைத்தார்.

அப்போதுதான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அம்மா சிறு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனவர். எழுத்துக் கூட்டத் தெரியாது. முதல் பக்கத்தை அப்பா பெருமையாகக் காட்ட, அம்மா கேட்டாராம்: "ஆட்டு மேல ஏறி ராசா எங்க போறாரு?"

அப்பா வரைந்திருந்தது குதிரை. மறுநாள் ரயிலடிக்குப் போய், ஜட்கா வண்டிக் குதிரைக்கு எதிரே உட்கார்ந்து ஒரு வாரம் வரைந்தார். அதன்பிறகு அம்மா பார்க்காமல் ஒரு புத்தகமும் அச்சுக்குப் போனதில்லை. மொத்தமும் வரைந்து முடித்து, வசனம் எழுதுமுன் காட்டுவார். படத்தை மட்டும் பார்த்து அம்மா கதை சொல்ல வேண்டும். எங்கே தடுமாறினாலும் அந்தப் பக்கத்தை மறுபடி வரைவார்.

படக்கதை விற்காத வருஷங்களில் கடை போர்டும் சுவர் விளம்பரமும் எழுதி எங்களைப் படிக்கவைத்தார். கோபம் வந்தால் யாரையும் திட்டமாட்டார். ஆனால் அடுத்த புத்தகத்தில் வில்லனுக்கு அந்த ஆளின் முகம் வந்துவிடும். உங்களில் சிலருக்கு இது நன்றாகவே தெரியும்.

போன வருஷம் மாரடைப்பில் அவர் போனபோது மேசையில் நாற்பத்தெட்டுப் பக்கங்கள் இருந்தன. வசனம் எழுத வேண்டிய இடமெல்லாம் காலி. கதையைத் தனியாக எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கதை தெரியாமல் எப்படி அச்சிடுவது என்றார் பதிப்பாளர். நியாயம்தான். அப்பாவின் கடைசி வேலை பரணில் கிடக்கப் போகிறதே என்று நான் அழுதேன்.

காரியம் முடிந்து ஒரு மாதம் அம்மா அந்த மேசைப் பக்கமே போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் அவராகவே கூப்பிட்டார். "ஏட்டி, அந்தத் தாளெல்லாம் எடுத்துட்டு வா. அவிய எனக்குக் காட்டாமலே போயிட்டாவ."

அம்மா பக்கம் பக்கமாகச் சொல்ல, நான் பென்சிலால் எழுதினேன். ராசாவும் இல்லை, குதிரையும் இல்லை. காணாமல் போன ஆட்டைத் தேடிக் கரிசல் காட்டில் அலையும் ஒரு பெண்பிள்ளையின் கதை. அம்மா ஓரிடத்திலும் தடுமாறவில்லை. கடைசிப் பக்கத்து ஆட்டைத் தொட்டுப் பார்த்து, இது ஆடேதான் என்று சிரித்தார். அப்பா போன பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கதையைப் படித்ததும் மறுபேச்சில்லாமல் அச்சுக்கு எடுத்துக்கொண்ட பதிப்பாளருக்கும், வசனங்களைக் கையாலேயே எழுதித் தந்த அப்பாவின் நண்பருக்கும், துக்கத்தில் எங்களோடு இருந்த உறவினர் அனைவருக்கும், மூன்று புத்தகங்களில் வில்லனாக வந்தும் மனதில் வைத்துக்கொள்ளாமல் அப்பாவுக்குத் தோள் கொடுத்த பெரிய மாமாவுக்கும் எங்கள் நன்றி.

மாதிரி அட்டை வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அப்பாவின் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கதை என்று போட்டு அம்மாவின் பெயரைப் போட்டிருப்பதாகச் சொன்னேன். இரண்டு பெயரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எம்பேரு மட்டும் ஏன் சின்னதா இருக்கு? அவிய பேரு அளவுக்குப் போடச் சொல்லு."

போடச் சொன்னேன். உங்கள் கையில் இருக்கும் அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவு.